வாய் கட்டிய மணி

22 ஒக்., செவ்வாய்

விடியமுன் மழை பிடித்தது. டிக்கட் அறைக் கூரையில் மூன்று ஒழுக்கு. இருக்கிற வாளி இரண்டு. மூன்றாவதுக்குக் கணபதியின் சோற்றுச் சட்டி. "சட்டிய ஒழுக்குக்குக் குடுத்திட்டு நான் எதில ஆக்குற ஐயா?" என்றான். நியாயமான கேள்வி.

கோச்சி வண்டி நின்று பத்துக் கிழமை, எழுபது நாள். ஸ்டேஷன் பதிவேட்டில் தினமும் ஒரே வரி: வண்டி இல்லை. இருபத்தாறு வருட சேவையில் ஒன்றுமில்லாததை இவ்வளவு திருத்தமான எழுத்தில் எழுதியதில்லை. அதனால்தான் இந்தக் கொப்பி. இதில் எனக்குப் பிடித்ததை எழுதலாம்.

செய்ய வேண்டியவை: கிராம்பு எண்ணெய் (பல்). லாம்புத் திரி. மகள் மெர்சியின் பயணப் பாஸ் கடுதாசிக்குக் கையெழுத்து. கணபதிக்கு வேறு சட்டி.

பிற்பகல் 2.10. மேற்குப் பக்க டேப்லட் மெஷினில் மணி அடித்தது. மூன்று அடி.

மூன்று அடி என்றால், 'வண்டி அனுப்பப்போகிறேன், பாதை தருவாயா?' நானும் மூன்று அடித்தால், 'தந்தேன்.' அடித்துவிட்டேன். யோசிக்கவே இல்லை. இடது கையில் தேத்தண்ணிக் கோப்பை, அதைக்கூடக் கீழே வைக்கவில்லை. வலது கை தானாகப் போய் அடித்துவிட்டு வந்தது. மெஷின் சிவப்புக்குத் திரும்பி 'வண்டி வருகிறது' என்று நின்றது. அந்தப் பக்கத்தில் டேப்லட்டை, டிரைவருக்குக் கொடுக்கும் பித்தளை வில்லையை, வெளியே எடுத்தாயிற்று என்று அர்த்தம்.

அதன்பிறகுதான் உறைத்தது. மேற்கு ஸ்டேஷனில் ஆள் இல்லை. ஓகஸ்ட்டில் இயக்கக்காரர் வந்து தாக்கிய நாளிலிருந்து பாழாய்க் கிடக்கிறது.

மாலை வரை பிளாட்போமில் நின்றேன். வண்டி வரவில்லை.

23 ஒக்., புதன்

மழை. பல்வலி.

மெஷின் அப்படியே சிவப்பு. காலையில் கீழே இறங்கித் தண்டவாளத்தில் காது வைத்துப் பார்த்தேன், ஐம்பத்துமூன்று வயதில். ஒரு சத்தமும் இல்லை. காதில் துருதான் ஒட்டியது.

மணியைப் பற்றிக் கணபதியிடம் வாய் திறக்கவில்லை. பொயின்ட்ஸ்மன், தண்டவாளம் மாற்றிவிடுகிறவன், மண்டூர்க்காரன், பதினாலு வருடமாக என்னோடு. விளக்குத் துடைத்துக்கொண்டே அவனாகச் சொன்னான்:

"நேத்து மூண்டு அடி கேட்டது ஐயா. கடைசி அடிக்கு முன்னால கொஞ்சம் நிண்டு வந்தது."

நேற்று இந்தக் கொப்பியில் நான் எழுதாமல் விட்டது அதைத்தான்.

மணி அடிப்பதில் ஆளுக்கொரு கை உண்டு. பழகினால் எழுத்தைப்போல அடையாளம் தெரியும். மேற்கு ஸ்டேஷன் மாஸ்டர் சோமபாலவின் கை, கடைசி அடிக்கு முன் ஒரு மூச்சு நேரம் நிற்கும். கேட்டதற்கு, "சரியாக எண்ணினேனா என்று பார்ப்பேன்" என்றான். பதினொரு வருடம் பக்கத்து ஸ்டேஷன்கள். முகம் பார்த்தது மூன்றே தரம்: ஒரு பரீட்சை, அவன் தங்கச்சியின் கலியாணம், எனக்கு மலேரியா வந்தபோது ஆஸ்பத்திரிக்குச் சட்டித் தயிரோடு வந்தது. மற்றதெல்லாம் மணியில்தான். மாலையில் கடைசி வண்டி போனதும் ஒரு அடி அடிப்பான். சட்டப் புத்தகத்தில் இல்லாத அடி. வீட்டுக்குப் போகிறேன் என்று அர்த்தம். நானும் ஒன்று அடிப்பேன்.

ஓகஸ்ட்டில் வந்தவர்கள் வயல் பக்கமாக இருபது சோடி எருமையோடு வந்தார்களாம். பொழுது சாயமுன் தண்டவாளத்தையும் அதன் கீழ்க் கிடக்கும் சிலிப்பர் கட்டையையும் கழற்றி, எருமையில் பூட்டி இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள். பங்கர் குழி மூட அதைவிட நல்ல மரம் கிடையாது. சோமபாலவின் கால் சப்பாத்து அறை வாசலில் கிடந்தது. ஆளைக் காணவில்லை. அன்றைக்கு எனக்கு அந்த ஒரு அடி வரவில்லை. வேலை அதிகமாக்கும் என்று நினைத்து, நான் மட்டும் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

25 ஒக்., வெள்ளி

வெயில். ஈசல்.

முகாமிலிருந்து கெப்டன் வந்தார். சின்ன வயது, மரியாதை தெரிந்த பிள்ளை. கதிரையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்த வெள்ளி பொருள் வண்டி போகிறதாம். மேற்கே முகாம்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், மருந்து. கடைசியில் பாஸ் வைத்திருக்கும் சனத்துக்கு ஒரு பெட்டி. பிடுங்கிய இடத்தில் புதுத் தண்டவாளம் போட்டாயிற்று. ஹெலிகொப்டரிலிருந்து முழுப் பாதையையும் பார்த்தாயிற்று. எல்லாம் இருக்கிறது என்றார்.

மெஷின் பூட்டிக் கிடக்கிறது என்று சொன்னேன். புரியவில்லை. சிங்களத்தில் விளக்கினேன். இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒற்றைப் பாதை. இரு பக்கமும் மெஷினுக்குள் பித்தளை வில்லைகள், அதுதான் டேப்லட். ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே வரும். அது கையில் உள்ள டிரைவர்தான் பாதையில் இறங்கலாம். ஒன்று வெளியே இருக்கும்வரை இரண்டு மெஷினும் அடுத்ததைத் தராது. இப்போது ஒன்று மேற்கே வெளியே இருக்கிறது. ஆகவே பாதையில் ஒரு வண்டி இருக்கிறது.

"எந்த வண்டி?" என்று கேட்டார்.

"தெரியாது சேர். அது வந்து சேரும்வரை வேறு வண்டிக்கு நான் பாதை தரமுடியாது."

மெஷின் பழுதென்றால் கடுதாசியில் எழுதிக் கொடுக்கலாமாமே என்றார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கலாம், ஆனால் மெஷின் பழுதில்லை என்றேன். மணி அடித்ததைச் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே மேற்கு ஸ்டேஷனைச் சுற்றிவளைப்பார்கள். உள்ளே இருப்பவன் சப்பாத்தில்லாத ஸ்டேஷன் மாஸ்டரா என்று கேட்டுவிட்டா சுடுவார்கள்?

அவன் உயிரோடு இருக்கிறான் என்று நான் நம்புகிறேன். இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

27 ஒக்., ஞாயிறு

வீடு. கோவில். போதகரின் பிரசங்கம் நீளம். பஸ் திரும்பிவர இரண்டு செக்பொயின்ட்.

மெர்சி சூட்கேஸ் கட்டிவிட்டாள். மூன்றாம் தரமாம். இங்கிலாந்தில் தாதிப் படிப்பு, இடம் கிடைத்தது ஆயிரத்தில் ஒன்று. விமானம் அடுத்த ஞாயிறு. றோட்டு மூடி மூன்று கிழமை, ஆகவே வெள்ளிக்கிழமை வண்டியை விட்டால் வேறு வழியில்லை. என் ஸ்டேஷனுக்கு வந்து, என் கையாலே கொடியசைத்து அனுப்ப வேண்டுமாம். சிரித்துக்கொண்டு சொன்னாள்.

மனைவி குசினியில் வைத்து, "முகத்தத் தொங்கவிடாதீங்க. புள்ளய இஞ்ச வெச்சு என்ன செய்யப்போறீங்க?" என்றாள். எதிர் வீட்டுப் பெடியனைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு மாதம். அவள் சொல்வது சரி.

ஆனாலும் மெர்சி போவது எனக்குப் பிடிக்கவில்லை. யாரும் வாசிக்கப்போவதில்லை, ஆகவே உள்ளதை எழுதுகிறேன். அந்த வண்டி ஓடாமல் போனால் நல்லது என்று பிரசங்கத்தின் நடுவில் ஒரு தரம் நினைத்தேன்.

28 ஒக்., திங்கள்

மழை, காற்று. வாவி நீர் வேலிவரை ஏறிவிட்டது.

பிற்பகல் 2.10. ஆறு அடி. ஐந்து அடித்து, நின்று, ஒன்று.

ஆறு என்றால் ஆபத்து. பாதையில் தடை, வண்டியை விடாதே. சேவையில் இந்த அடியை நான் இரண்டு தரம்தான் கேட்டிருக்கிறேன். இரண்டு தரமும் பாதையில் யானை.

இந்த முறை கை போகவில்லை. கணபதி வாசலில் நின்றான், வாயில் வெற்றிலை, மெல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து, மணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினான்.

"என்னடா செய்யிறாய்?"

"மண்டூரில வாய் கட்டித்தான் ஐயா பூசை. அய்யர் உள்ளுக்க போகக்குள்ள வாயத் துணியால கட்டிப்போட்டுத்தான் போற. பேசப்படாத இடம் அது."

"இது கோயிலா?"

"என்னெண்டு தெரியாதே. அதான் கட்டுறன்."

துண்டு வெள்ளை, ஓரத்தில் மஞ்சள் கறை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

30 ஒக்., புதன்

மேலிடத்தில் இருந்து கிழக்குப் பக்க டெலிபோனில் கட்டளை. மெஷினை நம்ப வேண்டாம், வெள்ளி காலை கடுதாசி எழுதி வண்டியை அனுப்பு. பெயர், பதவி, கையெழுத்து. சொன்னவன் எனக்குப் பதினைந்து வருடம் இளையவன். "என்ன, பயமா?" என்று கேட்டான். ஓம் என்றேன். சிரித்தான்.

பாதையோரம் கணபதியோடு ஒரு மைல் நடந்தேன். தண்டவாளம் நேராக, ஒழுங்காக. இரண்டு பக்கமும் சேற்றில் குளம்படி. மழை கழுவாத புதுத் தடம். எல்லாம் மேற்குநோக்கி. திரும்பி வந்த தடம் ஒன்றும் இல்லை.

அந்த மைலில் ஒரு நாய் இல்லை, கொக்கு இல்லை. திரும்புவம் என்று நான்தான் சொன்னேன்.

31 ஒக்., வியாழன்

வானம் மப்பு. மழை இல்லை.

பகல் முழுக்க ஒரே யோசனை, முகச்சவரம் செய்யும்போது பிடிபட்டது. தாடையை வெட்டிக்கொண்டேன்.

சோமபால மூன்று அடித்துப் பாதை கேட்டது வண்டி அனுப்ப அல்ல. அவனிடம் ஏது வண்டி? ஆளில்லாத ஸ்டேஷனில் இருந்து ஒரு மாஸ்டர் ஒரு பாதையைப் பூட்டுவதென்றால் வேறு என்ன செய்வான்? பக்கத்து மாஸ்டர் பழக்கத்தில் பாதை தருவான் என்று தெரிந்து கேட்டான். தந்தேன். டேப்லட்டை எடுத்தான். என் மெஷின் பூட்டிக்கொண்டது. நான் செய்தது பிழை என்று ஒன்பது நாளாக அரித்துக்கொண்டிருந்தேன். பிழை இல்லை. அவன் என் கையைப் பிடித்துக் கதவைச் சாத்தியிருக்கிறான்.

அந்தப் பாதையில் ஏதோ இருக்கிறது. ஹெலியின் கண்ணுக்குப் படாத ஏதோ.

நாளை அந்தப் பாதையில் மெர்சி.

அல்லது எனக்கு மூளை கலங்கிவிட்டது. மகளைப் போகவிடாமல் செய்ய மனம் ஒரு மணியையும் ஒரு செத்த சிநேகிதனையும் கண்டுபிடித்திருக்கிறது. அப்படியும் இருக்கலாம். ஆனால் கணபதிக்கும் கேட்டதே. அவனுக்கு மகளும் இல்லை, விமானமும் இல்லை.

1 நவ., வெள்ளி

அவசரமாக எழுதுகிறேன். வெளியே ஜீப் நிற்கிறது.

காலை 6.20. மேற்கிலிருந்து தண்டவாளத்துக்கு நடுவால் ஒரு எருமை நடந்து வந்தது. தனியாக. கழுத்தில் பிரம்பு வளையம், அதில் தோல் பை. டிரைவர் கையில் கொடுக்கிற அதே வளையம். பைக்குள் டேப்லட். பித்தளையில் இரண்டு ஸ்டேஷன் பெயரும், எண் 7.

கணபதி அதன் இரண்டு தொடையையும் தடவிப் பார்த்தான். "குறி இல்ல ஐயா."

"அதுக்கென்ன?"

"நம்மட ஊரில குறி சுடாத மாடு ஏது? எந்தக் குடி, எந்த வம்சத்து மாடெண்டு தெரியணுமே. இது ஒருத்தன்டயும் இல்ல."

வளையத்தைக் கழற்றியதும் எருமை திரும்பி வந்த வழியே போனது. நடையில் அவசரம் இல்லை. ஓரத்துப் புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டேப்லட் வந்தால், வண்டி வந்து சேர்ந்ததாக அர்த்தம். மெஷினில் போட்டால் பூட்டுத் திறக்கும். கடுதாசி தேவையில்லை. இன்றைக்குப் பார்த்து இதை அனுப்பியது யார்? சோமபால டேப்லட் அனுப்பினால் முதலில் மணி அடிப்பான். அடிக்காமல் அனுப்பியதே இல்லை. அவனிடமிருந்து இதைப் பறித்து, வண்டி வரட்டும் என்று காத்திருக்கிற யாரோ?

8.45. வண்டி வந்தது. பெட்டியில் நூறு பேருக்குக் குறையாது. குழந்தைகள், சமையல் சாமான், ஒரு தையல் மெஷின். மெர்சி இறங்கி ஓடிவந்து கையைப் பிடித்தாள். பச்சைச் சீலை. அம்மா தந்தது என்று புட்டுப் பார்சல் ஒன்று நீட்டினாள். அவளுடைய கை சூடாக இருந்தது.

அந்த நிமிஷம் தீர்மானித்துவிட்டேன். போகட்டும். டேப்லட் இருக்கிறது, சட்டப்படி சரி. நான் பயந்த கிழவன். அறைக்குள் போய் மெஷினின் வாயில் டேப்லட்டை வைத்தேன். தள்ள வேண்டியதுதான் பாக்கி.

மணியில் கட்டிய துண்டு அசைந்தது. சத்தம் இல்லை. துண்டின் முனை ஒரு தரம் துள்ளியது. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

நின்றது.

ஆறு.

வாசலில் கெப்டன் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

டேப்லட்டை எடுத்து, ஒழுக்குக்கு வைத்திருந்த கணபதியின் சட்டிக்குள் போட்டேன். மழைத் தண்ணீர் பாதி நிறைந்திருந்தது. வெளியே வந்து, பாதை தரமுடியாது, கடுதாசியும் எழுதமாட்டேன் என்று சொன்னேன்.

கெப்டன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். டிரைவரிடம் போய், நான் சொல்கிறேன், எடு என்றார். டிரைவர் பறங்கியர், கிழவர், பிரேக் பிடியில் செபமாலை தொங்கும். "டேப்லட் வேணும், இல்லாட்டி மாஸ்டர்ட கையெழுத்து வேணும். ரெண்டும் இல்லாம என்ட அப்பன் குழியால எழும்பிவந்து சொன்னாலும் இஞ்சின் அசையாது" என்றார். இறங்கி, பிளாட்போமில் குந்திச் சுருட்டுப் பற்றவைத்தார்.

சனம் என்னைப் பார்த்த பார்வை. ஒரு தாய் மண்ணை அள்ளி எறிந்தாள்.

மெர்சி அழவில்லை. "அப்பா, நீங்க வேணுமெண்டுதான் செய்றீங்க. நான் போறது உங்களுக்கு விருப்பமில்ல." இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஞாயிறு கோவிலில் நினைத்தது ஞாபகம் வந்தது.

என்னை முகாமுக்கு வரச் சொல்கிறார்கள். கொப்பியைக் கணபதியிடம் கொடுக்கிறேன்.

5 நவ., செவ்வாய்

தூறல். இன்று காலை விட்டார்கள்.

அடிக்கவில்லை. ஒரே கேள்வியை நாலு நாள் கேட்டார்கள்: யார் சொல்லிக் கொடுத்தது? ஒருவரும் இல்லை. பிறகு ஏன் விடவில்லை? மெஷின் பூட்டியிருந்தது. நேற்று கெப்டன் என்னைப் பொய்யனாக்குவதற்காகவே தானே ஆட்களோடு பாதையில் நடந்து போனார். காலையில் தானே ஜீப் ஓட்டிக்கொண்டு வந்து என்னை ஸ்டேஷனில் இறக்கினார். டிக்கட் அறைக்குள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

மூன்றாம் மைலுக்கு அப்பால் ஓடைப் பாலம். தண்டவாளம் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. கீழே ஒரு சிலிப்பர் கட்டைகூட இல்லையாம். பாலத்தின் ஆணிகளும் இல்லை. முன்னால் போன சிப்பாய் தடியால் தட்ட, முழு நீளமும் ஊஞ்சலாக ஆடியதாம். ஓடை, வெள்ளம், நாலு ஆள் ஆழம்.

நூறு பேர். தையல் மெஷின். பச்சைச் சீலை.

கெப்டன் கேட்டார்: "உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

முதல் தரமாக உண்மையைச் சொன்னேன். மேற்கு ஸ்டேஷனில் இருந்து மணி அடித்தது, சேர்.

அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "மாஸ்டர் மாத்தயா, பாலத்துக்கு அங்கால் கம்பம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெட்டில் புல் முளைத்திருக்கிறது. கம்பியே இல்லை. அந்த மெஷினையும் போய்ப் பார்த்தேன். எரிந்து, மணி உருகி, ஒரு கட்டியாகக் கிடக்கிறது."

சட்டிக்குள் ஒழுக்கு விழுந்துகொண்டிருந்தது. அந்த அறையை இரண்டு தரம் சோதனை போட்டவர்கள், சட்டியைக் காலால் தள்ளிவைத்துவிட்டு மற்ற இடமெல்லாம் பார்த்திருக்கிறார்கள்.

போகும்போது கெப்டன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பித்தளைப் பொத்தான். றெயில்வே கோட்டுப் பொத்தான். பாலத்துக்குக் கீழே, வேரில் சிக்கி, கோட்டும் அதற்குள் இருந்ததும் கிடந்தனவாம். ஆள் செத்தது மழைக்கு வெகு முன்பே, ஓகஸ்ட்டிலேயே என்றாராம் அவர்களின் மருத்துவர். காலில் சப்பாத்து இல்லையாம்.

சோமபால. பன்னிரண்டு கிழமை.

வாசல்வரை போன கெப்டன் திரும்பி, மணியில் கட்டிய துண்டைப் பார்த்தார். "இது எதற்கு?" என்றார். சத்தம் கேட்காமல் இருக்க என்றேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு அவசரமாகப் போனார்.

மெர்சியின் விமானம் ஞாயிறே போய்விட்டது. அடுத்த வருடம் இடம் தருவார்களோ தெரியாது.

6 நவ., புதன்

வெயில். நல்ல வெயில்.

பாதை மறு அறிவித்தல் வரை மூடல் என்று கட்டளை. காலையில் டெக்னீஷியன் வந்து மெஷினின் பற்றரிகளைக் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு போனான். கையெழுத்து வாங்கினான். மெஷினில் இன்னும் 22ஆம் திகதி வண்டி 'வருகிறது' என்றே நிற்கிறது.

அதுதான் உறுத்தியது. சட்டம் எனக்குத் தெரியும். சோமபாலவுக்கு என்னைவிடத் தெரியும். அனுப்பிய வண்டி சேர்ந்துவிட்டது என்று பக்கத்து ஸ்டேஷன் நாலு அடி அடிக்கும்வரை, மாஸ்டர் அறையைவிட்டுப் போகமுடியாது. நான் இன்னும் அடிக்கவில்லை. அவனை நான்தான் அங்கே நிறுத்திவைத்திருக்கிறேன்.

பகல் மெர்சி வந்தாள். பஸ்ஸில், தனியாக. என்னோடு பேசவில்லை. கணபதி பிளாட்போம் வாங்குப் பலகையில் அவளுக்குப் பக்கத்தில் குந்தி, கையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் ஏதோ சொன்னான். பாலத்தைப் பற்றியாக்கும். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு எழும்பி வந்து, மேசையில் சோற்றுப் பார்சலை வைத்து, அதன் முடிச்சை அவிழ்த்துவிட்டு, வாங்குக்கே திரும்பிப் போனாள்.

2.05. சட்டித் தண்ணீருக்குள் கைவிட்டு டேப்லட்டை எடுத்தேன். பொத்தானையும் அதோடு சேர்த்துத் துடைத்தேன். துண்டை அவிழ்த்தேன், முடிச்சு மழை ஈரத்தில் இறுகியிருந்தது, பல்லால் இழுத்தேன், வலிக்கிற பல்லால். டேப்லட்டை மெஷினில் தள்ளினேன். சிவப்பு மறைந்து வெள்ளை வந்தது.

நாலு அடித்தேன். கம்பி இல்லை, பற்றரி இல்லை. என் விரலின் தட்டு மட்டும்.

பதிவேடு: வண்டி வந்து சேர்ந்தது. 2.08.

பொத்தானைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கணபதி வாசலில், கையைக் கட்டிக்கொண்டு.

2.10. ஒரு அடி.

நானும் ஒன்று அடித்தேன்.

மெர்சி வாங்கைவிட்டு எழும்பி, பாதையை எட்டிப் பார்த்தபடி கேட்டாள்: "அப்பா, கோச்சி வருதா?"

"இல்ல மகள். அது வந்து சேந்திட்டு."